ஏஜென்ட் எழுதும் கதை வேண்டாம், அவள் கதையே போதும்

கேள்வி: அக்கா, என் தங்கைக்கு 24 வயது. நர்சிங் முடித்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். எங்கள் ஊர் மேலூர் பக்கம். கூட வேலை பார்க்கும் பையனை விரும்புகிறாள், அவர் பட்டியல் சாதி. விஷயம் தெரிந்ததும் அப்பா வேலையை நிறுத்தி, போனைப் பிடுங்கிவிட்டு, மாமா மகனுக்குப் பேசி முடித்துவிட்டார். ஆவணியில் கல்யாணம். "மீறிப் போனா ரெண்டு பேரையும் வெட்டிப் போட்டுட்டு ஜெயிலுக்குப் போறேன்" என்று சித்தப்பா பெட்டிக்கடையில் வைத்தே சொல்கிறார். டவுனில் ஒரு ஏஜென்ட், ஸ்டூடன்ட் விசாவில் லண்டன் அனுப்பி, இறங்கியதும் அசைலம் (அடைக்கல மனு) போட்டுவிடலாம், 14 லட்சம் என்கிறார். என் நகையை அடகு வைத்து 2 லட்சம் கொடுத்துவிட்டேன். தங்கையின் பாஸ்போர்ட்டும் அவரிடம்தான். "கட்சிப் பிரச்சினைன்னு ஒரு கதை எழுதித் தர்றேன், அதைத்தான் சொல்லணும்" என்கிறார். அடைக்கலம் கிடைக்குமா அக்கா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: அக்கா என்று எழுதியிருக்கிறாய், நானும் நீ என்றே எழுதுகிறேன். முதலில் அந்த 2 லட்சத்தோடு நிறுத்திக்கொள். மிச்ச நகையில் கை வைக்காதே.

அகதி என்ற சொல் உனக்குப் புதிதில்லை. உச்சப்பட்டி இலங்கைத் தமிழர் முகாம் உன் வீட்டுக்குப் பக்கம்தான். அங்கே இருப்பவர்கள் போருக்குத் தப்பி வந்தவர்கள். வீட்டுக்குள்ளேயே உயிருக்கு ஆபத்து என்று ஓடி வரும் பெண்ணையும் அதே சொல்லுக்குள் சேர்க்கலாமா என்பதில் உலகம் ரொம்ப நாள் தயங்கியது. 1951 அகதிகள் ஒப்பந்தம் இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவில் இருப்பது என்று ஐந்து காரணங்களைச் சொல்கிறது, பெண் என்பது அதில் இல்லை. அந்த ஐந்தாவது காரணத்துக்குள்தான் வழக்கறிஞர்கள் வருடக்கணக்கில் வாதாடிப் பெண்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெண்களின் மனுக்களை எப்படி விசாரிக்க வேண்டும் என்று கனடா 1993ல் முதன்முதலாகத் தனி வழிகாட்டுதல் போட்டது. கணவன்மாரால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட இரண்டு பாகிஸ்தான் பெண்களுக்கு 1999ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை (அப்போது அங்கே உச்ச நீதிமன்றம் அதுதான்) அடைக்கல உரிமை உண்டு என்றது. 2024 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது பல்கேரியாவில் மனு போட்ட ஒரு குர்து இனப் பெண்ணின் வழக்கில். கட்டாயத் திருமணம், அடி உதை, விவாகரத்து, அதற்காக வீட்டார் கொன்றுவிடுவார்கள் என்ற பயம். ஒரு நாட்டின் பெண்கள் மொத்தமாகவே அந்தச் சமூகக் குழுவாக இருக்கலாம் என்று அந்த நீதிமன்றம் சொன்னது. அவள் வழக்கை வாசிக்கும்போது உன் தங்கை ஞாபகம்தான் எனக்கு வந்தது.

அப்படியானால் கிடைக்குமே என்று நினைப்பாய். இரு.

மிரட்டுவது அப்பாவும் சித்தப்பாவும், அரசாங்கம் இல்லை. இந்த மாதிரி மனுவில் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, உன் நாட்டுப் போலீஸ் காப்பாற்றாதா என்பது. அடுத்தது, ஊரை விட்டுக் கோயம்புத்தூர், சென்னை, பெங்களூரு என்று போய்ப் பிழைத்துக்கொள்ள முடியாதா என்பது. இந்தியர்களின் மனுக்கள் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான் சறுக்கும். அதிலும் பிரிட்டன் இந்தியாவைப் பாதுகாப்பான நாடுகளின் பட்டியலில் வைத்திருக்கிறது, நம்மவர் மனுவை அடிப்படையே இல்லை என்று சுலபமாக ஒதுக்கிவிட அதில் வழி உண்டு. ஒரு புகார் மனு கூடக் கொடுக்காமல், மேலூரைத் தாண்டி ஒரு நாள் கூடத் தங்கிப் பார்க்காமல் நேராக லண்டனில் போய் நிற்கும் நர்ஸ் அந்தக் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்வாள்? இன்னொன்று, அங்கே அடைக்கல மனு போட்டவர்கள் முதல் 12 மாதம் பொதுவாக வேலைக்குப் போக முடியாது. 14 லட்சம் கடனுக்கு வட்டி யார் கட்டுவது? மனு போடக் கட்டணம் ஒரு பைசா கிடையாது என்பதை அந்த ஏஜென்ட் உன்னிடம் சொன்னாரா?

அந்தக் கட்சிக் கதைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது. டோகோ நாட்டிலிருந்து ஃபௌசியா கசிஞ்சா என்ற 17 வயதுப் பெண் 1994 டிசம்பரில் அமெரிக்காவில் போய் இறங்கினாள். அப்பா இறந்த பிறகு அத்தை அவளைவிட ரொம்ப மூத்த ஒருவருக்கு அவளை நாலாவது மனைவியாகக் கட்டிவைத்து, பெண்ணுறுப்பைச் சிதைக்கும் சடங்குக்கும் ஏற்பாடு செய்திருந்தாள். போனது வேறு ஒருவர் பாஸ்போர்ட்டில், ஆனால் இறங்கின இடத்திலேயே உள்ளதைச் சொல்லிவிட்டாள். 16 மாதம் சிறையில் வைத்தார்கள். முதலில் விசாரித்த நீதிபதி நம்பவில்லை. அவள் சொன்னது கடைசிவரை மாறவில்லை, 1996 ஜூனில் மேல்முறையீட்டில் அடைக்கலம் கிடைத்தது. (அதிகாரிகள் அவள் பெயரை 'கசிங்கா' என்று தப்பாக எழுதிவைக்க, சட்டப் புத்தகங்களில் இன்றும் அந்த வழக்குக்கு அதுதான் பெயர். உன் தங்கையின் பாஸ்போர்ட்டிலும் மார்க் ஷீட்டிலும் இனிஷியலும் எழுத்தும் ஒத்துப்போகிறதா என்று பார்.) உன் தங்கை எந்தக் கட்சி ஊர்வலத்திலாவது நடந்திருக்கிறாளா? மூன்று மணி நேர விசாரணையில் வட்டச் செயலாளர் பெயரைக் கேட்டால் முழிப்பாள். ஒருமுறை பொய் என்று பதிவாகிவிட்டால் அப்புறம் சித்தப்பா அரிவாளைப் பற்றி உண்மையைச் சொன்னாலும் எவரும் காது கொடுக்க மாட்டார்கள். கையில் உண்மையான கதை இருப்பவளுக்குப் பொய்க்கதை விற்கிறான் அந்த ஆள்.

சரி, இங்கே என்ன செய்வது. சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணோடு துணைக்கு ஒரு ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். சர்டிபிகேட்டெல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு மடியில் இறுக்கிப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டீ வாங்கிக்கொடுத்தார்கள், நல்லபடியாகத்தான் பேசினார்கள். டீ கிளாஸை அவள் கீழே வைப்பதற்குள் அவளுடைய அப்பா பைக்கில் வாசலில் வந்து நின்றார். உள்ளேயிருந்து போன் போயிருக்கிறது. "பெத்தவங்க மனசு கேக்காதும்மா" என்று சமாதானம் பேசி அனுப்பிவைத்தார்கள். அந்த மஞ்சப்பையை முதலில் வாங்கிக்கொண்டது அவள் அண்ணன். அதனால்தான் சொல்கிறேன், உள்ளூர் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதே.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும், அது சட்டம். அந்த வக்கீலை வைத்து எஸ்.பி.க்கு மனு போகட்டும், மிரட்டல் பேச்சு தேதியோடு, யார் முன்னால் பேசியது என்பதோடு. நம் உசிலம்பட்டி பக்கம் சாதி மாறிக் கட்டிக்கொண்ட ஒரு பெண் 2014ல் செத்துப்போன வழக்கில்தான் 2016 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட ஜோடிகளைக் காக்க மாவட்டம்தோறும் தனிப்பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று உத்தரவிட்டது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் தனிப்பிரிவு, பாதுகாப்பு இல்லம் எல்லாம் ஏற்படுத்தச் சொன்னது. இவை எல்லாம் தானாக ஓடிவந்து கதவைத் தட்டாது, மனுவில் இந்தத் தீர்ப்புகளைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். அவளை வெளியே விடாமல் அடைத்து வைத்திருந்தால், அவளை நீதிபதி முன்னால் கொண்டுவரச் சொல்லி ஹைகோர்ட் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம், நீயே போடலாம். மேலூர் பஸ் தினமும் ஹைகோர்ட் வாசலைத் தாண்டித்தானே மாட்டுத்தாவணிக்கு வருகிறது. நீதிபதி அவளையே கூப்பிட்டுக் கேட்பார், 24 வயதுக்காரி எங்கே போக வேண்டும் என்று அவளே சொல்லலாம். அவசரம் என்றால் 181, உயிருக்கே ஆபத்து என்றால் 112.

வெளியே வரும் அன்று ஒரு குண்டுமணி நகை கூட அவள் மேல் இருக்கக் கூடாது. கம்மலைக் கூடக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு வரட்டும். காணவில்லை என்று ஒரு புகார், நகை திருட்டு என்று இன்னொன்று, பையன் மேல் கடத்தல் என்று மூன்றாவது, இதுதான் வழக்கமாக வீட்டார் போடும் வரிசை. சொந்த விருப்பத்தில் போகிறேன் என்று அவள் கையெழுத்தில் ஒரு கடிதம் அன்றைக்கே எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்டில் போய்விட வேண்டும், ரசீது உன்னிடம் இருக்கட்டும். பத்தாவது மார்க் ஷீட், நர்சிங் கவுன்சில் பதிவு, ஆதார், மூன்றும் முக்கியம். கல்யாணம் அவர்கள் முடிவு. இருவரும் இந்துக்கள் என்றால் 1967 தமிழ்நாடு திருத்தப்படி ஐயர் இல்லாமல், மண்டபம் இல்லாமல், நண்பர்கள் முன்னால் மாலை மாற்றினாலே செல்லும். சிறப்புத் திருமணச் சட்டத்தில் போனால் 30 நாள் நோட்டீஸ், அது அப்பா கண்ணில் படும்.

இதெல்லாம் எதற்கென்றால், இந்தப் பாதுகாப்பு கிடைத்துவிட்டால் அவள் கடல் தாண்ட வேண்டியதே இல்லை. எங்கே போனாலும் தேடி வந்து, போலீசும் கையை விரித்து, நிஜமாகவே வெளிநாட்டில் அடைக்கலம் கேட்கும் நிலை வந்தால் அந்த மனு நகலும் தபால் ரசீதும் அங்கே அவளுக்காகப் பேசும். நடுவில் நர்ஸாக முறைப்படி வெளிநாட்டு வேலைக்குப் போகவும் வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, நர்ஸ்களை அதன் மூலமாகவும் எடுக்கிறார்கள். அது வேலை விசா, அடைக்கலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கடைசியாக அந்தப் பாஸ்போர்ட். அது அரசாங்கச் சொத்து, பிடித்து வைத்துக்கொள்ள ஏஜென்ட்டுக்கு உரிமையே கிடையாது. திங்கட்கிழமை உன் வீட்டுக்காரரையோ வக்கீலையோ கூட்டிக்கொண்டு போய்க் கேள். பணத்துக்கு ரசீது தரவில்லை என்றாலும் ஜிபேயில் அனுப்பியிருந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட் போதும். தர மறுத்தால் எஸ்.பி. மனுவில் அதையும் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடு. கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுது, பெயர் போடாமல்.