வெட்டவெளியில் எப்படி மோதிக்கொண்டன?

(ஓய்வுபெற்ற ஹெலிகாப்டர் விமானி ஒருவர் வாசகர்களுக்குப் பதிலளிக்கும் பகுதி)

கேள்வி: ஐயா, என் மகள் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட்டில் இருக்கிறாள். அங்கே சீ வேர்ல்டு பூங்கா அருகே இரண்டு சுற்றுலா ஹெலிகாப்டர்கள் மோதி நான்கு பேர் இறந்ததைப் பற்றிச் சொன்னாள். நல்ல பகல் வெளிச்சம், அத்தனை பெரிய வானம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்களா?

பதில்: அம்மா, நானும் முதலில் இதையேதான் கேட்டேன். அது நடந்தது 2023 ஜனவரி 2, பிற்பகல் 2 மணிக்குச் சற்று முன். இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகை ஹெலிகாப்டர்கள். ஒன்று ஐந்து பயணிகளுடன் சவாரி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. மற்றொன்று ஆறு பயணிகளை ஏற்றிக்கொண்டு பூங்காவின் ஹெலிபேடிலிருந்து அப்போதுதான் எழும்பியிருந்தது. மோதியது வெறும் 130 அடி உயரத்தில். நீங்கள் சொல்லும் பெரிய வானம் அங்கே இல்லை. இறங்குகிறவரும் ஏறுகிறவரும் நெருங்கிக் கடக்கும் ஒரு சின்ன முடுக்குதான் இருந்தது.

எழும்பிய ஹெலிகாப்டரின் சுழல் இறக்கை, வந்துகொண்டிருந்ததன் முன்பகுதிக்குள் புகுந்தது. எழும்பியது உடைந்து மணல்திட்டை ஒட்டிய ஆழமில்லாத தண்ணீரில் விழ, அதன் விமானியும் மூன்று பயணிகளும் இறந்தார்கள். மற்ற விமானி, முன்பக்கம் சிதைந்த ஹெலிகாப்டரை அருகிலிருந்த மணல்திட்டில் இறக்கிவிட்டார். அதில் இருந்த ஆறு பேரும் பிழைத்தார்கள். அவர் கையை நினைத்தால் எனக்கு இன்னமும் உடம்பு சிலிர்க்கிறது.

சரி, ஏன் பார்க்கவில்லை? திரும்பி வந்த விமானி பார்த்தார். கீழே அந்த ஹெலிகாப்டரில் ஆட்கள் ஏறுவதைக் கவனித்தார். அது தனக்குப் பின்னால் போய்விடும், இல்லையென்றால் ரேடியோவில் குரல் வரும் என்று எண்ணினார். குரல் வரவில்லை. கிளம்புகிற ஹெலிகாப்டரின் ஆண்டெனாவில் பழுது இருந்தது, அதனால் அதன் அறிவிப்பு வெளியே போகாமலே இருந்திருக்கலாம் என்கிறது 2025 ஏப்ரலில் வெளிவந்த ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் இறுதி அறிக்கை. தரையில் நின்ற ஊழியர் 'வழி சரி' என்று கட்டைவிரலைக் காட்டியிருந்தார். ஆனால் ஹெலிகாப்டர் உடனே எழவில்லை. அது எழுந்தபோது அந்தச் சைகை பழசாகிவிட்டது.

ஆண்டெனா பழுது எவ்வளவு பொல்லாதது என்று எனக்குத் தெரியும். கடலில் எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்கு ஆள் ஏற்றிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் இறங்கியதும் மேடைக்காரர் ஓடிவந்து, "சார், ஒரு வார்த்தைகூடக் கேட்கலையே" என்றார். நான் மூன்று முறை பேசியிருந்தேன். மூன்று முறையும் என் குரல் என் ஹெட்செட்டில் தெளிவாகக் கேட்டது. பல ரேடியோக்களில் அப்படித்தான். நாம் பேசுவது நம் காதுக்குத் திரும்பி வரும், அது வெளியே போனதா என்பது வேறு கதை. அன்று அந்தப் பக்கம் இன்னொரு ஹெலிகாப்டர் வரவில்லை, அவ்வளவுதான்.

கண்ணுக்கும் ஒரு பலவீனம் உண்டு. மோதப்போகிற பாதையில் வரும் பொருள் ஹெலிகாப்டரின் முன்கண்ணாடியில் நகராது. ஒரே இடத்தில் புள்ளியாக நின்று, கடைசி நொடிகளில் திடீரென்று பெரிதாகும். நகர்வதைத்தான் கண் சட்டென்று பிடிக்கும், நகராததை விட்டுவிடும். கண்டபிறகும் அது என்ன என்று புரிந்து, முடிவெடுத்து, கை அசைந்து, ஹெலிகாப்டர் திரும்ப ஏறத்தாழ 12.5 விநாடி ஆகும் என்று அமெரிக்க விமானத்துறை விமானிகளுக்குச் சொல்கிறது. அத்தனை விநாடி அந்த இருவருக்கும் கிடைக்கவில்லை.

அதனால் விமானிகளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏறும் வழியையும் இறங்கும் வழியையும் ஒன்றையொன்று வெட்டும்படி வைத்துவிட்டு, பார்வையையும் ஒரு ரேடியோவையும் மட்டும் நம்பியிருந்தார்கள். எனக்குக் கோபம் அந்த ஏற்பாட்டின் மேல்தான்.

கேள்வி: வேறு இடங்களில் இதைச் சரிசெய்திருக்கிறார்களா?

பதில்: செய்திருக்கிறார்கள், உயிர்கள் போனபிறகு. நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றின் மேல் 2009 ஆகஸ்ட் 8 அன்று ஒரு சுற்றுலா ஹெலிகாப்டரும் சிறு விமானமும் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் விதி வந்தது: வடக்கே போகிறவர் கிழக்குக் கரையோரம், தெற்கே போகிறவர் மேற்குக் கரையோரம். கடந்து போகும் விமானம் 1,000 அடிக்கு மேல், அங்கேயே சுற்றும் ஹெலிகாப்டர் அதற்குக் கீழே. சாலையில் இடப்பக்கம், வலப்பக்கம் பிரித்ததைப் போலத்தான். கிராண்ட் கேன்யனில் 1986-இல் 25 பேர் இறந்த மோதலுக்குப் பிறகும் வான்வழிகளைப் பிரித்தார்கள்.

கேள்வி: பேரப்பிள்ளைகளோடு இப்படி ஒரு சவாரிக்கு அழைக்கிறாள் மகள். போகலாமா ஐயா?

பதில்: போகலாம் அம்மா. ஏறுகிற இடமும் இறங்குகிற இடமும் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கின்றன, ஒரே நேரத்தில் எத்தனை பறக்கின்றன என்று தயங்காமல் கேளுங்கள். அப்புறம், சீட் பெல்ட். கோல்டு கோஸ்ட் விபத்தில் பயணிகள் பலரின் பெல்ட் சரியாகப் பூட்டப்படவில்லை. இடுப்பில் கட்டிய லைஃப் ஜாக்கெட் பை அதற்கு இடைஞ்சலாக இருந்தது. பெல்ட் பையின் மேலே ஏறாமல் இடுப்பெலும்பைத் தொட்டு இறுக்கமாக இருக்க வேண்டும், தோள்மேல் வரும் பெல்ட்டும் பூட்டியிருக்க வேண்டும். குழந்தைகளுக்கு நீங்களே கைவைத்துப் பாருங்கள். ஊழியர் அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை.

பறக்கும்போது வேறொரு ஹெலிகாப்டர் கண்ணில் பட்டால், விமானிக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள். அந்த விபத்தின் காணொளியில் பின்னிருக்கைப் பயணி ஒருவர் விமானியை எச்சரிக்க முயல்வது தெரிகிறது. அவருக்கு நேரம் போதவில்லை. நீங்கள் பார்த்த உடனே சொல்லுங்கள்.