சுவிட்சுக்குள் ஒரு பெயர்ப் பட்டியல்

கேள்வி: சிஸ்கோ சுவிட்சில் (கணினிகளை வலையமைப்பாக இணைக்கும் கருவி), இணைப்பைச் சோதிக்கும் ‘பிங்’ கட்டளையைக் கொடுக்கும்போதெல்லாம் ஐபி முகவரியையே தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. முகவரிக்குப் பதிலாகப் பெயரைப் பதிந்து வைக்கலாமா? பதிந்தால், சுவிட்சோடு இணைந்த கணினிகளும் அப்பெயரைப் பயன்படுத்த முடியுமா?

பதில்: தாராளமாகப் பதியலாம். சுவிட்சின் அமைப்புகளை மாற்ற உதவும் உலகளாவிய உள்ளமைவு (குளோபல் கான்ஃபிகரேஷன்) நிலைக்குச் சென்று, ‘ஐபி ஹோஸ்ட்’ என்ற கட்டளையை அடுத்துப் பெயரையும், அதன்பின் 192.0.2.10 போன்ற முகவரியையும் கொடுத்தால் போதும். ‘ஷோ ஹோஸ்ட்ஸ்’ கட்டளையில் அந்தப் பதிவு நிரந்தரமானது என்ற குறிப்புடன் தெரியும். உள்ளமைவைச் சேமிக்க மறந்துவிடாதீர்கள். சேமிக்காவிட்டால், சுவிட்ச் மறுபடி இயங்கத் தொடங்கும்போது பதிவு காணாமல் போய்விடும்.

ஆனால் இயல்பான அமைப்பில் இந்தப் பட்டியல் சுவிட்சின் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. கணினிகள் இதைப் பார்ப்பதில்லை. அவற்றுக்கு, பெயர்களுக்கு உரிய ஐபி முகவரிகளைத் தேடித் தரும் டிஎன்எஸ் சேவையகம்தான் முகவரியைச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் அவசியம் சொல்ல வேண்டும். கட்டளையில் ஓர் எழுத்துப் பிசகினாலும், சில வேளைகளில் சுவிட்ச் அதை ஒரு பெயராகக் கருதி, டிஎன்எஸ் சேவையகம் எதுவும் குறிப்பிடப்படாதபோது 255.255.255.255 என்ற, வலையமைப்பில் உள்ள எல்லாருக்குமான முகவரிக்குக் கேள்வி அனுப்பி, விடைக்காகச் சிறிது நேரம் காத்துக் கிடக்கும். டிஎன்எஸ் தேவையில்லாத இடத்தில் ‘நோ ஐபி டொமைன் லுக்கப்’ கொடுத்துவிட்டால் அந்தத் தாமதம் நீங்கும். நீங்கள் கைப்படப் பதிந்த பெயர்களோ வழக்கம்போல் வேலை செய்யும்.