தோட்டக் குழுவின் வசந்த காலக் கூட்டங்களையும் தோட்டப் பார்வைகளையும் எப்படித் திட்டமிடுவது?

கேள்வி இது: "எங்கள் பகுதித் தோட்டக் குழுவில் வசந்த காலத்தில் மூன்று கூட்டமும் இரண்டு வெளிப்பயணமும் நடத்துகிறோம். வருகிறவர்கள் பேச்சைக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். என்ன செய்யலாம்?"

முதலில் தேதி குறிக்கும் முறையை மாற்றுங்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டால், விதைப்பு பற்றிய பேச்சு விதைக்கும் பருவம் தாண்டிய பிறகு வரும். உங்கள் ஊரில் கடைசி உறைபனி வழக்கமாக எப்போது முடியும் என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மிளகாய்க்கு எட்டு முதல் பத்து வாரம், தக்காளிக்கு ஆறு முதல் எட்டு வாரம், வெள்ளரி, பூசணி வகைகளுக்கு மூன்று நான்கு வாரம் முன்பு வீட்டுக்குள் நாற்றுக்காக விதைக்க வேண்டும். கூட்டத்தில் பார்த்ததை அந்த வாரமே வீட்டில் செய்ய முடிந்தால்தான் ஆட்கள் அடுத்த கூட்டத்துக்குக் கேள்வியோடு வருவார்கள்.

முதல் கூட்டத்தை உறைபனி முடிய எட்டு வாரம் இருக்கும்போது வையுங்கள். பொருள்: பழைய விதைகள். வெங்காய விதை ஓராண்டிலேயே வீரியம் இழக்கத் தொடங்கும். தக்காளி, வெள்ளரி விதைகள் நான்கைந்து ஆண்டு தாங்கும். ஈரத்தாளில் பத்து விதையைச் சுருட்டி, மூடிய பையில் 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்து, எத்தனை முளைக்கிறது என்று எண்ணுவதுதான் சோதனை. இதைக் கூட்டத்தன்று தொடங்கினால் காட்ட ஒன்றும் இருக்காது. பத்து நாள் முன்பே நாலைந்து பேரிடம் கொடுத்துத் தொடங்கச் சொல்லுங்கள். கேரட் குடும்பத்துக்கு இன்னும் ஒரு வாரம் கூடுதலாக வேண்டும். பத்தில் ஐந்து முளைத்தால் இரு மடங்கு நெருக்கமாக விதைக்கலாம். இரண்டோ மூன்றோதான் என்றால் புது விதை வாங்குவது மேல், ஏனென்றால் முளைக்கிறவையும் சோனி நாற்றுகளாகவே இருக்கும்.

இரண்டாவது கூட்டத்துக்கு ஒட்டுக் கட்டுதல், அதாவது ஒரு மரத்தின் குச்சியை வேறொரு வேருள்ள செடியோடு இணைத்து வளர்ப்பது, நல்ல பொருள். ஆனால் அதற்கான வேலை குளிர்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆப்பிள், பேரி மரங்கள் உறக்கத்தில் இருக்கும்போதே பென்சில் கனத்தில் ஒட்டுக்குச்சிகளை வெட்டி, ஈரத்தாளில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். அதே பெட்டியில் பழங்கள் இருக்கக் கூடாது. அவை விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுக்கும். மொட்டு உப்பிய குச்சியைக் கட்டினால் ஒட்டு கூடுவதற்குள் இலை வெளிவந்து குச்சி காய்ந்துவிடும். ஒட்டு பிடிக்காமல் போவதற்கு இன்னொரு காரணம், பட்டைக்கு அடியிலுள்ள பச்சைப் படலம் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று தொடாமல் இருப்பது. குச்சி மெல்லியதாக இருந்தால் நடுவில் வைக்காமல் ஒரு ஓரத்தோடு ஓரம் பொருத்தச் சொல்லுங்கள். வேண்டாத குச்சிகளில் எல்லோரும் நன்றாக வெட்டிப் பழகிய பிறகே, குச்சியை ஏற்கும் வேர்ச்செடியைக் கையில் கொடுங்கள்.

மூன்றாவது, உறைபனி போன பிறகு செடி, விதைப் பரிமாற்றம். மற்ற கூட்டங்களைவிட இதற்குத்தான் அதிகக் கவனம் வேண்டும், ஏனென்றால் ஒருவர் தோட்டத்து நோய் எல்லோர் தோட்டத்துக்கும் போவது இந்த ஒரு நாளில்தான். வாசலிலேயே ஒரு மேசை போட்டு, விவரம் தெரிந்த இருவரை உட்கார வையுங்கள். ஒவ்வொரு செடியின் இலையையும் திருப்பி அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்க்கட்டும். பயறு வகை வேரில் ஒட்டியிருக்கும் உருண்டைகள் விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும், அவை நல்லவை. வேரே வீங்கி, தேய்த்தாலும் உதிராவிட்டால் அது வேர்முடிச்சு நூற்புழு. அந்தச் செடியைத் திருப்பி அனுப்புவதில் தயக்கமே வேண்டாம். தரையிலிருந்து தோண்டி வந்தவற்றை மண் போக அலசிய பிறகே உள்ளே விடுங்கள். தோட்ட மண்ணில் வளர்ந்த முட்டைக்கோசுக் குடும்ப நாற்றுகளை ஏற்கவே வேண்டாம். அவற்றின் வேர்வீக்க நோய் மண்ணில் புகுந்தால் பல ஆண்டுகள் போகாது.

விதையிலும் வேறுபாடு உண்டு. தக்காளி, அவரை, பட்டாணி, லெட்யூஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் வீட்டு விதை தாய் மாதிரியே வரும். இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டு ரகங்களிலிருந்து எடுத்த விதை அப்படி வராது. பூசணி, சீமைச் சுரை வகைகளில், பூவைக் கட்டிவைத்துக் கையால் மகரந்தம் சேர்த்த விதையைத் தவிர வேறெதையும் மேசையில் வைக்காதீர்கள். அழகுக்கு வளர்க்கும் கசப்புப் பூசணியோடு கலந்திருந்தால் அந்த விதையில் காய்ப்பது கசக்கும். அந்தக் கசப்பு நஞ்சு, சமைத்தாலும் போகாது. இதைப் பெரிய எழுத்தில் எழுதியே ஒட்டுங்கள்.

பெயர்ச்சீட்டில் ரகம், ஆண்டு, உயரம், வெயிலா நிழலா என்ற நான்கும் இருக்க வேண்டும். புதினா போலப் படர்ந்து பரவுவது என்றால் அதையும் எழுத வேண்டும்.

இனி வெளிப்பயணங்கள். இரண்டு தோட்டத்தை ஒவ்வொரு முறை பார்ப்பதைவிட, ஒரே தோட்டத்தை ஐந்தாறு வார இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள் என்பேன். முதல் முறை டாஃபோடில், டியூலிப் போன்ற கிழங்குச் செடிகள் பூத்திருக்கும், யாருக்கும் பிடிக்கும். இரண்டாம் முறைதான் பாடம். பூ முடிந்து இலை மஞ்சளாகித் தொங்கும் அந்த ஆறு வாரத்தில், அடுத்த ஆண்டுக்கான உணவைக் கிழங்கு சேர்த்துக்கொண்டிருக்கும், அதனால் இலையை வெட்டக் கூடாது. அதை மறைக்கத் தோட்டக்காரர் எந்தச் செடியை எங்கே நட்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரியும். பூக்கும் காலம் வானிலையால் ஓரிரு வாரம் தள்ளிப் போகலாம், எனவே ஒவ்வொரு பயணத்துக்கும் மாற்றுத் தேதி ஒன்றை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

விளக்கிச் சொல்பவர் ஒருவருக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். பின்னால் நிற்பவருக்குக் கேட்காது. கழிப்பறை, சக்கர நாற்காலி போகும் பாதை பற்றி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் எல்லோரும் காலணியின் அடிமண்ணைத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும், திரும்பி வந்தும் அப்படியே. மழை பெய்து பாத்தி நனைந்திருந்தால் பாதையை விட்டு இறங்கக் கூடாது, ஈர மண் மிதிபட்டால் இறுகி வேருக்குக் காற்று கிடைக்காது. கேட்காமல் ஒரு கிள்ளுகூட எடுக்கக் கூடாது என்பதைக் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். தோட்டத்துக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "போன ஆண்டு எது செத்தது, ஏன்?" என்பது. நன்றாக வந்ததைப் பற்றி அவர்களே சொல்லிவிடுவார்கள்.