நாசோவில் கப்பல் நிற்கும் ஒரே பகலில் சுறா டைவ் போகலாமா?

கேள்வி: "பஹாமாஸ் போகும் குரூஸ் பயணத்தில் நாசோவில் ஒரு பகல் நிற்கிறோம். கப்பலில் விற்கும் கரைச் சுற்றுலாக்களில் சுறா டைவ் ஒன்று இருக்கிறது. எனக்கு ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு கடலடியில் நீந்தும்) உரிமம் உண்டு, மனைவிக்கு இல்லை. பாதுகாப்பானதா? கொடுக்கும் பணத்துக்குத் தகுமா?"

தாராளமாகப் போங்கள். ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது சுறாவுக்கு அல்ல, கடிகாரத்துக்கு.

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே வந்திருக்கும் பதில் ஒன்றில், "குரூஸில் வருகிறவர்கள் சாப்பிட்டுத் தூங்க வருகிறவர்கள், அவர்களுக்குக் காட்டுவது பழக்கி வைத்த பொம்மைச் சுறா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் நான் எழுத உட்கார்ந்தேன். நானும் குரூஸில் போனவள்தான். ஐம்பது வயதைக் கடந்தவள். கப்பலில் நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கவும் செய்தேன். அந்தத் தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் கடலடி மணலில் மண்டியிட்டு, என்னைவிட நீளமான சுறாக்கள் தோளை உரசிக்கொண்டு போவதையும் பார்த்தேன். அது பொம்மை என்றால் பொம்மைக்கு இத்தனை பல் எதற்கு என்று தெரியவில்லை.

உங்கள் நிலையை நான் இப்படி ஊகிக்கிறேன். எங்கோ விடுமுறைக்குப் போன இடத்தில் உரிமம் எடுத்திருப்பீர்கள். அதன் பிறகு வேலை, வீடு என்று தண்ணீர்ப் பக்கம் அதிகம் போயிருக்க மாட்டீர்கள். உரிமத்துக்குக் காலாவதித் தேதி கிடையாதுதான். கைக்கும் காலுக்கும் உண்டு. கப்பல் ஏறுவதற்கு முன் ஏதாவது நீச்சல் குளத்தில் ஒரு நினைவூட்டல் வகுப்பு முடித்துவிடுங்கள். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவது, காது அடைப்பை நீக்கிக்கொண்டே இறங்குவது, கையை அடித்துக்கொள்ளாமல் ஒரே ஆழத்தில் நிற்பது ஆகியவை பழக்கத்தில் இருக்க வேண்டும். குறிப்பாகக் கை. இந்த டைவில் சுறாக்களை வரவழைக்க மீன்துண்டு போடுவார்கள். அப்படித் தீனி போடுகிற இடத்தில் தண்ணீருக்குள் கையை வீசுகிறவர், தன் விரல்களும் மீன்துண்டுதான் என்று தானே விளம்பரம் செய்துகொள்கிறார்.

இப்போது கடிகாரம். கப்பல்கள் நிற்பது நகரின் நடுவே உள்ள பிரின்ஸ் ஜார்ஜ் துறையில். சுறா டைவ் நடப்பது நாசோ இருக்கும் நியூ பிராவிடன்ஸ் தீவின் தென்மேற்கு முனைக்கு அப்பால். வேனில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு டைவ், நடுவில் ஓய்வு, படகு போய்வரும் நேரம், கருவிகளைப் பொருத்திப் பார்க்கும் நேரம் எல்லாம் சேர்த்தால் அரைநாள் முழுதாகப் போய்விடும். கப்பல் காலையில் வந்து மாலையில் கிளம்புகிறது என்றால் கவலை இல்லை. நண்பகல் தாண்டியதும் கிளம்பும் கப்பல் என்றால் இந்த ஆசையையே விட்டுவிடுங்கள். கப்பலின் நேரமும் தீவின் நேரமும் எப்போதும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். சில கப்பல்கள் பயணம் முழுவதும் தங்கள் நேரத்தையே வைத்திருக்கும். இறங்கும்போது வாசலில் எழுதிவைத்திருப்பதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஏறிவிட வேண்டிய நேரம் கப்பல் நகரும் நேரம் அல்ல, அதற்கு முந்தையது.

கப்பல் வழியாகப் பதிவு செய்வதா, டைவ் நிலையத்திடம் நேராகப் பதிவு செய்வதா என்பது அடுத்த சண்டை. நேராகப் பதிவு செய்தால் மலிவு. பெரும்பாலும் அதே படகு, அதே வழிகாட்டி. "கப்பல்காரனிடம் ஏமாறாதே" என்று அறிவுரை சொல்லப் பலர் வருவார்கள். நான் கப்பல் வழியாகத்தான் போனேன், அடுத்த முறையும் அப்படித்தான் போவேன். கப்பல் விற்ற சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அவர்கள் செலவில் அடுத்த துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நீங்களாகப் போய்த் தாமதமானால் துறையில் நின்று கையசைக்கலாம். வானிலை காரணமாகக் கப்பல் அந்தத் துறைக்கே போகாவிட்டாலும் பணம் தானாகத் திரும்பி வரும். நான் கொடுத்த கூடுதல் பணம், தண்ணீருக்கடியில் மணி பார்க்காமல் இருப்பதற்கான விலை. இதற்காக என்னைக் கப்பல் நிறுவனங்களின் ஏஜென்ட் என்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படிக்கவும். அவர்களோடு எனக்கு வேறு கணக்கு பாக்கி இருக்கிறது.

வேனில் ஏறியதும் ஒரு படிவம் கொடுத்தார்கள். டைவ் உலகம் முழுவதும் புழங்கும் மருத்துவக் கேள்வித்தாள் அது. ஆஸ்துமா, இதயம், வலிப்பு, காது அறுவைச் சிகிச்சை என்று வரிசையாகக் கேட்கும். 45 வயதைத் தாண்டியவரா என்று தனியாகக் கேட்டு, "ஆம்" என்றால் புகைப்பழக்கம், கொழுப்பு, ரத்த அழுத்தம் என்று இன்னொரு கட்டத்துக்கு அனுப்பும். அந்தக் கட்டத்தில் ஒரு "ஆம்" விழுந்தால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் பழைய ஆஸ்துமாவை நேர்மையாகக் குறித்துவிட்டார். மருத்துவர் கடிதம் இல்லை. கரையிலேயே உட்காரவைத்துவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு அவர் வாதிட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் படகு கிளம்பிவிட்டது. அந்தப் படிவம் இணையத்திலேயே கிடைக்கிறது. ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே நிரப்பிப் பார்த்து, தேவையென்றால் கையெழுத்து வாங்கி, உரிம அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று பொய் எழுதிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பதினைந்து மீட்டர் ஆழத்தில் மூச்சு முட்டினால் அந்தப் பொய்யைச் சரிபார்க்கக் கூட ஆள் இருக்காது.

முதல் டைவில் தீனி கிடையாது. பவளத்திட்டின் விளிம்பை ஒட்டி நீந்த விடுவார்கள். அந்த விளிம்புக்கு அப்பால் கடல் திடீரென்று இறங்குகிறது. 'டங் ஆஃப் தி ஓஷன்' என்று அழைக்கப்படும் பள்ளம், ஏறக்குறைய 2 கிலோமீட்டர் ஆழம் வரை போகும். சாதாரண உரிமத்தில் நமக்கு அனுமதி 18 மீட்டர். காலுக்குக் கீழே நீலம் கறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் புரட்டியது. சுறாவைப் பார்த்தபோது அப்படி ஆகவில்லை. படகு இயந்திரத்தின் சத்தம் கேட்டதுமே அவை வந்துவிட்டன. கரீபியன் பவளத்திட்டுச் சுறாக்கள், சாம்பல் முதுகு, பெரும்பாலும் இரண்டு மீட்டர் அளவு. நம்மைச் சுற்றி வட்டமிட்டன, ஒரு கண்ணால் அளந்தன, கொடுப்பதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் விலகிப் போயின. இவ்வளவு அலட்சியமாக என்னை யாரும் பார்த்ததில்லை.

இரண்டாவது டைவ்தான் நீங்கள் பணம் கொடுப்பதற்கான காரணம். எடையைச் சற்றுக் கூட்டிக் கட்டிவிடுவார்கள், மிதந்து எழாமல் இருப்பதற்காக. மணல் தரையில் வட்டமாக மண்டியிட வேண்டும், கைகளை மார்போடு கட்டிக்கொள்ள வேண்டும். பளபளக்கும் நகை எதுவும் கூடாது. தீனி போடுபவர் எஃகு வளையங்களால் பின்னிய கவச உடையோடு நடுவில் வந்து நிற்பார். கையில் மூடிய பெட்டியும் ஒரு கம்பியும் இருக்கும். கம்பி முனையில் மீன்துண்டைக் குத்தி நீட்டுவார்.

பெட்டி திறந்ததும் முதலில் பாய்ந்தவை சுறாக்கள் அல்ல. மஞ்சள்வால் சங்கராக்களும் பாரைகளும் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்கப் போகும் கூட்டம் போல முண்டியடித்தன. அவற்றை விலக்கிக்கொண்டு சுறாக்கள் வந்தன. நான் எதிர்பார்க்காதது சத்தம். தாடை மூடும் சத்தம் தண்ணீரில் தெளிவாகக் கேட்கிறது. எஃகு வலையில் பல் உரசினால் அதுவும் கேட்கிறது. பின்னாலிருந்து வரும் சுறாவை நாம் பார்க்க முடியாது. தோளில் ஏதோ இடிக்கும், வால் ஒரு முறை முகத்தருகே வீசும், மாஸ்க் ஆடும். அப்போது கையை எடுக்கத் தோன்றும். எடுக்கக் கூடாது. எனக்குப் பக்கத்தில் இருந்த இளைஞர், படகில் வரும்போது எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தவர், காற்றை அத்தனை வேகமாக இழுத்துத் தீர்த்தார். அவரை முதலில் மேலே கூட்டிப் போனார்கள். என் சிலிண்டரில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. இதைத் தற்பெருமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் சுறாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் முழங்கால் அருகே ஒரு தடித்த வரிக்களவா வந்து நின்றது. நாசோ களவா என்றே அதற்குப் பெயர். ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக முட்டையிட வந்து, அந்தக் கூட்டத்திலேயே பிடித்துத் தீர்க்கப்பட்ட மீன். இன்று அழியும் தறுவாயில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பஹாமாஸில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அதைப் பிடிக்கத் தடை. என் வழிகாட்டிக்கு அதன் மேல் தனிப் பாசம். அந்தக் களவா அவர் கையருகே நாய்க்குட்டித்தனமாக வந்து நின்றதைப் படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. தீனி முடிந்து சுறாக்கள் கலைந்த பிறகு எல்லோரும் மணலைத் தடவி உதிர்ந்த பற்களைத் தேடினார்கள். சுறாவுக்கு வாழ்நாள் முழுவதும் பல் உதிர்ந்து முளைத்துக்கொண்டே இருக்கும். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"காட்டு விலங்குக்குத் தீனி போட்டு வேடிக்கை பார்ப்பது பாவம் இல்லையா?" என்று கேட்க வருகிறவர்களுக்கு: உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஃபுளோரிடா மாநிலம் தன் கடலில் இதை 2002 முதல் தடை செய்திருக்கிறது. தீனிக்குப் பழகிய சுறா மனிதனைக் கண்டால் விலகாது என்பது அங்கே சொல்லப்பட்ட வாதம். பஹாமாஸ் வேறு வழியில் போனது. நீண்ட கயிற்றில் வரிசையாகத் தூண்டில்களைக் கட்டிப் பிடிக்கும் நீள்தூண்டில் மீன்பிடிப்பை 1993இல் தடை செய்தார்கள். 2011இல் ஏறக்குறைய 6,30,000 சதுர கிலோமீட்டர் கடல் முழுவதையும் சுறாக்களின் சரணாலயமாக அறிவித்தார்கள். உயிரோடு நீந்தும் சுறா சுற்றுலாப் பணம் கொண்டுவருகிறது என்பது அந்த முடிவுக்கு ஒரு பெரிய காரணம். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி சுறாக்கள் கொல்லப்படுவதாக 2013இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் மீன்துண்டு போடுவதை என்னால் பெரிய குற்றமாகக் கருத முடியவில்லை. நீங்கள் கருதினால் போகாதீர்கள். சண்டைக்கு மட்டும் வராதீர்கள்.

ஆபத்தே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. 2008இல் பஹாமாஸ் கடலில் தீனி வைத்து, கூண்டில்லாமல் நடந்த ஒரு டைவில் ஒருவர் இறந்தார். அது பெரிய சுறாக்களைத் தேடிப் போன பயணம். 2022 செப்டம்பரில் நாசோவுக்கு அருகே ஸ்நார்கெல் (நீர்மட்டத்தில் மிதந்தபடி குழாய் வழியாக மூச்சுவிட்டுக் கடலடியைப் பார்ப்பது) செய்துகொண்டிருந்த குரூஸ் பயணி ஒருவரை சுறா கடித்துக் கொன்றது. அது தீனி போடும் டைவ் அல்ல. 2024இல் உலகம் முழுவதும் மனிதர் தூண்டாமல் நடந்த சுறாக்கடிகள் என்று ஃபுளோரிடா அருங்காட்சியகத்தின் பதிவேடு காட்டுவது 47. இந்த எண்ணை உங்கள் மனைவியிடம் சொல்லிப் பாருங்கள். பயம் எண்ணுக்கு அடங்குமா என்பது வேறு விஷயம். அவருக்கும் ஆசை இருந்தால் உரிமம் தேவையில்லாத ஸ்நார்கெல் சுற்றுலாவும் அங்கே உண்டு. மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதந்தபடி சுறாக்களைப் பார்க்கலாம். ஆனால் "நீயும் வா" என்று வற்புறுத்தி இழுத்துப் போகாதீர்கள்.

நான் சொன்ன அந்த பாக்கிக் கணக்கு இதுதான். கப்பலில் அறைகளின் விலை இருவர் தங்குவதாக வைத்தே போடப்படுகிறது. தனியாகப் போகிறவர், இல்லாத இன்னொருவருக்கும் சேர்த்து ஏறக்குறைய இரட்டிப்பாகக் கட்ட வேண்டும். என் அறையில் இரண்டாவது கட்டில் இருந்தது, இரண்டாவது துண்டு இருந்தது, இரண்டாவது தலையணையில் இரவுதோறும் ஒரு சாக்லேட் இருந்தது. அந்த இரண்டாவது ஆளுக்கான கட்டணத்தையும் நான்தான் கட்டினேன். அவருக்காகக் குளித்தேனா, சாப்பிட்டேனா? சாக்லேட்டை மட்டும் சாப்பிட்டேன். உணவு மேசையில், "தனியாகவா வந்தீர்கள்?" என்று இரக்கத்தோடு கேட்டவர்களுக்கு, "இல்லை, இரண்டு பேருக்குப் பணம் கட்டி வந்திருக்கிறேன்" என்று சொல்ல வேண்டியிருந்தது. டைவ் படகில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. அங்கே ஆளுக்கு ஒரு சிலிண்டர், ஆளுக்கு ஒரு கட்டணம்.

இன்னும் ஒன்று. இரண்டு டைவ் செய்தால் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். நாசோ உங்கள் பயணத்தின் கடைசித் துறையாக இருந்து, மறுநாள் விடியற்காலையில் விமானம் பிடிப்பதாக இருந்தால் விமானத்தைத் தள்ளிப் போடுங்கள். டைவுக்கு முந்தைய இரவு, கப்பலில் கிடைக்கிறது என்று குடிக்காதீர்கள். கடல் ஒவ்வாமை மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு அல்ல, வேனில் ஏறும்போதே போடுங்கள், அது தூக்கம் வரவழைக்காத வகைதானா என்று முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட்டு. இடங்கள் கொஞ்சம்தான், கப்பல் கிளம்புமுன்பே தீர்ந்துவிடும். பதிவு செய்யும்போது காலணி அளவைச் சரியாகக் கொடுங்கள். எனக்குக் கிடைத்த துடுப்பு ஒரு அளவு பெரியது, நாள் முழுவதும் குதிகால் தேய்ந்தது.