கேமரா பெட்டி பூட்டியிருக்கிறது, படம் கிடைக்குமா?

கேள்வி: ஐயா, போன வியாழக்கிழமை விடியற்காலை தோட்டத்துக்கு வேலைக்குக் கிளம்பிய அப்பாவை சிம்பாங்கில் (சாலைச் சந்திப்பில்) ஒரு லோரி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடுப்பெலும்பு உடைந்து ஈப்போ மருத்துவமனையில் இருக்கிறார். எதிரே இருக்கும் மளிகைக் கடையின் கேமரா ரோட்டைத்தான் பார்க்கிறது. கடைக்கார அண்ணன் படம் தரத் தயார். ஆனால் பாஸ்வர்ட், கேமரா மாட்டிக் கொடுத்தவருக்குத்தான் தெரியுமாம்; அவரோ தொழிலை விட்டுவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் படம் பதிவாகும் ரெக்கார்டர் பெட்டியிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் சொருகினார். 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டதும் பயந்து எடுத்துவிட்டோம். இப்போது திரும்பப் பெட்டியிலேயே மாட்டி ஓடவிட்டிருக்கிறோம். என்ன செய்வது?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கடிதம் கைக்கு வந்த அன்றே இந்தச் சகோதரிக்குப் போன் போட்டு, பெட்டியின் சுவிட்சை உடனே அடைக்கச் சொல்லிவிட்டேன். இதே நிலையில் தவிக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஓடுகிற ரெக்கார்டர் டிஸ்க் நிரம்பியதும் பழைய படத்தின் மேலேயே புதுப் படத்தை எழுதும். ஒரு கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு 21 ஜிபிக்கு மேல் போகும். நாலு கேமரா என்றால் 1 டிபி டிஸ்க் பதினோரு நாள்தான் தாங்கும். அந்த வியாழக்கிழமை அழிந்துபோக அதிக நாள் இல்லை.

லேப்டாப் அப்படிக் கேட்டது டிஸ்க் கெட்டுப்போனதால் அல்ல. ஹிக்விஷன், டாகுவா போன்ற கம்பெனிகளின் பெட்டிகள் தங்களுக்கென்று தனி அமைப்பில் எழுதுகின்றன. விண்டோஸுக்கு அது புரியாது. 'ஃபார்மேட்', 'இனிஷியலைஸ்' எது கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். வேறு ரெக்கார்டரில் மாட்டிப் பார்த்தாலும் இதே கேள்வி வரலாம். உங்கள் வீட்டுக்காரர் பயந்து எடுத்தாரே, அதுதான் சரி.

பாஸ்வர்ட் பெரும்பாலும் ரெக்கார்டரின் போர்டில் இருக்கிறது, டிஸ்க்கில் இல்லை. பூட்டு வாசல் கதவில்தான், பீரோவில் இல்லை. டிஸ்க்கையே பூட்டும் சில மாடல்களும் உண்டு. அவற்றுக்கு அந்தப் பெட்டியே வேண்டும். அதனால் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் சொல்வது, யாரிடமும் திறக்கக் கொடுக்காதீர்கள் என்பதுதான். இடித்துவிட்டு ஓடிய வழக்கு இது. பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) புகார் எண்ணைச் சொல்லி, விசாரணை அதிகாரியிடம் பெட்டி, டிஸ்க், அடாப்டர் எல்லாவற்றையும் கடைக்காரர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். எழுத்தில் ரசீது கேளுங்கள். டிஸ்க்கை ஒரு தடவை லேப்டாப்பில் சொருகியதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நாளைக்கு வழக்கு கோர்ட்டுக்குப் போனால் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவுப்படி கணினிப் பதிவுக்குச் சான்றிதழ் தேவைப்படலாம். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் அந்தப் பெட்டியைப் பொறுப்பில் வைத்திருந்தவர். அவர் கையை விட்டு ஆள் மாறி ஆள் போயிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

அதிகாரி பெட்டியை எடுக்காமல், படத்தை மட்டும் கொண்டுவரச் சொன்னால் அப்புறம் வேலை செய்பவரிடம் போகலாம். எப்படிச் செய்யப் போகிறார் என்று முதலில் கேளுங்கள். டிஸ்க்கைக் கழற்றி, எதையும் எழுதாமல், இன்னொரு டிஸ்க்குக்கு முழு நகல் எடுப்பேன் என்று சொன்னால் நம்பலாம். உடனே மென்பொருளைப் போட்டுத் தேடுகிறேன் என்றால் டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நம்ம பேராக்கில் இடி இடித்து கரண்ட் போய்ப் போய் வரும் கடைகளில் டிஸ்க் ஏற்கெனவே களைத்துத்தான் இருக்கும். அதைத் திரும்பத் திரும்பத் தேடவிட்டால் முழுசாகப் படுத்துவிடும்.

நகல் கையில் இருந்தால் படத்தைப் பிரித்தெடுக்க வழி உண்டு. டாகுவா வகை டிஸ்க்கில் ஒவ்வொரு துண்டுப் படமும் 'டி.எச்.ஏ.வி' என்ற நாலு எழுத்தில் தொடங்கும். கூடவே தேதியும் நேரமும் பதிந்திருக்கும். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணை கெட்டுப்போனாலும் நேரத்தை வைத்துத் தேடிப் பிடிக்கலாம்.

பாஸ்வர்டை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் டிஸ்க்கை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைப் போடுங்கள். திரையில் 'பாஸ்வர்ட் மறந்துவிட்டது' என்பதை அழுத்தினால் பதிவான மின்னஞ்சலுக்கோ கடைக்காரர் போனில் உள்ள செயலிக்கோ குறியீடு வரலாம். வராவிட்டால் வாங்கிய பில்லையும் பெட்டி அடியிலுள்ள சீரியல் எண்ணையும் கொண்டு விநியோகிப்பாளரிடம் போங்கள். உள்ளே நுழைந்ததும் பதிவை நிறுத்திவிட்டு, பெட்டியை அடைத்து, அதன் பிறகே டிஸ்க்கை மாட்டுங்கள். அப்போது பெட்டி காட்டும் மணியையும் உங்கள் போன் மணியையும் சேர்த்து ஒரு போட்டோ எடுங்கள். உள்ளே இருக்கும் காசு போன்ற சின்ன பேட்டரி செத்த பெட்டிகளில் மணி தாறுமாறாக ஓடும். ஆறு மணி விபத்து மூன்று மணியில் பதிவாகியிருந்தால், அந்த வித்தியாசம் தெரியாதவர் 'படமே இல்லை' என்று சொல்லிவிடுவார்.

இன்னொன்று. அப்பா வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டிருக்கிறார், அதற்கு சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) உதவி உண்டு. படம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல், போலீஸ் புகார் நகலையும் மருத்துவச் சான்றிதழையும் தோட்ட ஆபீசில் கொடுத்து இந்த வாரமே மனுவைத் தொடங்கச் சொல்லுங்கள்.