வாரச் சாப்பாடு

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்துப் பழைய வீடுகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, போன மாதம் குடும்பத்தோடு போய்வந்தேன். சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வீட்டைப் பார்த்தோம். சுத்தமாக வைத்திருக்கிறார்கள். சுற்றுவட்டாரம் முழுக்கக் கடையும் லாட்ஜும்தான். ராஜா வேத பாடசாலையை வெளியே நின்று பார்த்ததோடு சரி. பாடசாலைதான் இன்னும் நடக்கிறதே, அது போதாதா? இடிந்த திண்ணைகளுக்கு இத்தனை வருத்தம் எதற்கு?

கே.எம்., ஓசூர்

அன்புள்ள கே.எம்.,

வீடு வேறு, பாடசாலை வேறு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதனால்தான் அந்த வருத்தம்.

நீங்கள் வெளியே நின்று பார்த்த பாடசாலை, தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் தொடங்கியது. மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள் நிற்கின்றனவே, அவையும் அவர் கைங்கரியம்தான். பாடசாலைக்கு 1542 என்று ஆண்டு சொல்கிறார்கள். சொத்து, மானியம் என்று ஆதரவு உள்ள பாடசாலைகள் சிலவே. மற்ற இடங்களில் படிக்க வந்த பிள்ளைக்குச் சோறு போட்டது தெருதான். அதற்கு வாரச் சாப்பாடு என்று பெயர். ஞாயிறு ஒரு வீடு, திங்கள் ஒரு வீடு என்று ஏழு நாளுக்கு ஏழு வீடு.

என் பாட்டி வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமைப் பையன் ஒருவன் வருவான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, 'செவ்வாக்கிழமை' என்றால் அவன்தான். கிணற்றடியில் கால் கழுவிவிட்டு ரேழி வழியாக வந்து கூடத்தில், முற்றத்து வெளிச்சம் விழும் இடத்தில் உட்காருவான். பேச மாட்டான். ரசத்துக்குக் காத்திருக்கும்போது உதடு அசையும், தலை மட்டும் லேசாக ஏறி இறங்கும். காலையில் வாத்தியார் சொன்ன சந்தையை ஸ்வரம் தப்பாமல் உள்ளுக்குள் உருப்போட்டுக்கொண்டிருப்பான். வாத்தியார் ஒருமுறை சொல்ல, பிள்ளைகள் இருமுறை திருப்பிச் சொல்வது சந்தை. புத்தகத்துக்கு அங்கே வேலை இல்லை. அவன் மோர் சாதம் முடிக்கும்வரை பாட்டி இலை போட்டுக்கொள்ள மாட்டாள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சோறு ஊர்ப்பிள்ளைகள் எல்லோருக்கும் கிடைத்த சோறு அல்ல. பிறப்பு பார்த்துப் போட்ட இலை அது. சேரிப் பிள்ளைக்கு அந்தத் தெருவில் நடக்கவே விடாத காலம் ஒன்று இருந்தது. அக்ரஹாரத்தை நினைத்து உருகுகிறவர்கள் இந்த இடத்தில் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

இப்போது நீங்கள் பார்த்த வீட்டுக்கு வருகிறேன். ராமானுஜன் முதலில் போனதே திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குத்தான். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கர். சம்பளம் போதாமல் அம்மா கோமளத்தம்மாள் கல்லூரி மாணவர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்துச் சமைத்துப் போட்டார். அந்த மாணவர்களுக்குத் தெரிந்த கணக்கை எல்லாம் பையன் பதினொரு வயதுக்குள் கறந்துவிட்டான். செவ்வாய்க்கிழமைப் பையன் சோற்றுக்காக வந்து பாடத்தோடு உட்கார்ந்தான் என்றால், இங்கே சோற்றுக்காகத் தங்கியவர்கள் பாடத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். வாசல் திண்ணையில் சிலேட்டை வைத்துக்கொண்டு எழுதுவதும் முழங்கையால் அழிப்பதுமாக ராமானுஜன் உட்கார்ந்திருந்த கதையைக் கேட்டிருப்பீர்கள். 2003இல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அந்த வீட்டை வாங்கிப் பராமரிக்காவிட்டால் அதுவும் போயிருக்கும்.

ஒரு வீட்டை மட்டும் காப்பாற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு, பொதுச்சுவர். இந்த வீடுகள் பலவும் பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பங்கிட்டு நிற்பவை. ஒன்றை இடித்தால் அடுத்ததன் உள்சுவர் மழைக்கு வெளிச்சுவர் ஆகிவிடும். சுண்ணாம்பும் செங்கல்லுமாக, கூரைக்குள் இருந்தே பழகிய சுவர் அது. ஐப்பசி மழை இரண்டைத் தாங்கினால் பெரிது. எங்கள் பாட்டி வீடு அப்படித்தான் போனது. தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் லாரியில் ஏற்றிய அன்று நான் அங்கே இருந்தேன்.

சுவர் தப்பினாலும் சாலை விடாது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், சின்ன வயதில் நான் எக்கி ஏறிய எதிர்வீட்டுத் திண்ணை இப்போது கணுக்காலுக்குச் சற்று மேலே இருக்கிறது. அதில் யார் உட்காருவார்கள்? பைக் நிறுத்தியிருக்கிறார்கள்.

பாடசாலைகளில் இப்போது சமையல்கட்டு உண்டு, பிள்ளைகள் அங்கேயே சாப்பிடுகிறார்கள். வீடு வீடாகப் போய்ச் சாப்பிடும் கூச்சம் அவர்களுக்கு இல்லை, அது நல்லதுதான். தெருவுக்குத்தான் உள்ளே என்ன படிக்கிறார்கள் என்று தெரியாமல் போய்விட்டது.

அடுத்த முறை போனால் விடிகாலையில் போங்கள், சந்தை காதில் விழலாம். காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரதமை, அஷ்டமி என்றால் பாடம் கிடையாது.