கோடிங் சரியா தெரியாம ஜீனோமிக்ஸ் ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்ல சேர முடியுமா?

எம்எஸ்சி பயோடெக் படிக்கிறேன், ஆர்ங்கற ப்ரோக்ராமிங் மொழி கொஞ்சம்தான் தெரியும், டிஎன்ஏ டேட்டாவை அலசற, கோடை எல்லாருக்கும் திறந்து வச்சிருக்கற இவ்ளோ பெரிய ப்ராஜெக்ட்ல நான் போய் என்ன பண்ணனு கேட்டிருக்கீங்க. தாராளமா சேரலாம். ரிசல்ட்டைப் பாத்து "இது எங்கயோ இடிக்குதே"னு சொல்ற பயாலஜி ஆளுக்கு அங்க எப்பவுமே பஞ்சம்தான்.

ஒமிக்ரான் கதையையே எடுத்துக்கோங்க. கொரோனா வைரஸோட கிளைகளுக்கு பேர் வைக்கிற பேங்கோ குழு அந்த வேலையை கிட்ஹப்ங்கற கோட் பகிர்ற தளத்துலதான் செய்றாங்க, புதுசா ஒரு கிளை கண்ணுல பட்டா யார் வேணா இஷ்யூ, அதாவது எல்லாரும் பாக்கறாப்ல ஒரு குறிப்பு, போடலாம். 2021 நவம்பர் 23 அன்னிக்கு லண்டன் இம்பீரியல் காலேஜ்ல இருந்த வைராலஜிஸ்ட் டாம் பீக்காக், போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா, ஹாங்காங்ல இருந்து வந்த விரல் விட்டு எண்ணக்கூடிய சீக்வென்ஸ்களை (வைரஸோட மரபணு எழுத்து வரிசை) பாத்துட்டு, ஸ்பைக் புரோட்டீன்ல 30க்கும் மேல மாற்றம் இருக்கு, இதை கவனிக்கணும்னு ஒரு இஷ்யூ போட்டார். பி.1.1.529னு பேர் வச்சாங்க, 26ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் ஒமிக்ரான்னு அறிவிச்சிடுச்சு. இதுக்கு அவர் எந்த மென்பொருளும் எழுதல. (சீக்வென்ஸைப் பூட்டி வைக்காம உடனே ஏத்தி விட்டாங்க பாருங்க அந்த லேப்காரங்க, முதல் மரியாதை அவங்களுக்குத்தான்.)

உங்களுக்கு ஆர் தெரியும்ங்கறதால பயோகண்டக்டர் பக்கம் போங்க, ஜீனோமிக்ஸ் டேட்டாவை அலசற ஆர் பேக்கேஜ்களோட (ரெடிமேட் கோட் தொகுப்பு) ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் அது. 2001ல ஆரம்பிச்சது, வருஷத்துக்கு ரெண்டு ரிலீஸ். அங்க புது பேக்கேஜ் சேர்க்கணும்னா கிட்ஹப்ல எல்லாரும் பாக்கறாப்ல ரிவ்யூ நடக்கும், பழைய ரிவ்யூக்களை உக்காந்து படிங்க, ரிவ்யூவர் எங்கெங்க மடக்குறார்னு தெரியும், எந்த க்ளாஸ்லயும் இதைச் சொல்லித் தர மாட்டாங்க.

அப்புறம் பக் ரிப்போர்ட், அதாவது டூல்ல இருக்கற தப்பை எழுதிச் சொல்றது. உதாரணத்துக்கு ஒரு குரோமோசோமோட முதல் 100 டிஎன்ஏ எழுத்தை, ஜீனோம்ல எது எங்க இருக்குனு குறிக்கிற பெட் ஃபைல்ல 0, 100னு எழுதுவாங்க, அதே வேலைக்கான ஜிஎஃப்எஃப் ஃபைல்ல 1, 100. பயோகண்டக்டரும் 1ல இருந்துதான் எண்ணும். ஆர்ட்ராக்லேயர்ங்கற பயோகண்டக்டர் பேக்கேஜ் வழியா பெட் ஃபைலை எடுத்தா அதுவே மாத்திக்கும், சும்மா டேபிளா படிச்சு ஏத்தினா நீங்க சொன்னாத்தான் மாத்தும், இல்லன்னா ஸ்டார்ட் (தொடக்க இடம்) எல்லாம் ஒண்ணு தள்ளி நிக்கும், எரர்கூட வராது, கிராஃப் அழகா வந்துடும். இப்படி எதையாவது ஒரு டூல் தப்பா செய்யறதைப் பாத்தா "உங்க டூல் வேலை செய்யல"னு மட்டும் போட்டுட்டு வராதீங்க ப்ளீஸ். ஒரு மூணு வரி ஃபைல், நீங்க ஓட்டின கமாண்ட், வந்த விடை, வந்திருக்க வேண்டிய விடை, கீழ செஷன்இன்ஃபோ அவுட்புட் (உங்க ஆர், பேக்கேஜ் வெர்ஷன்களைக் காட்டற கமாண்ட்), அவ்ளோதான். நோயாளி டேட்டாவை மட்டும் மறந்தும் ஒட்டிடாதீங்க, நீங்களா உருவாக்கின போலி வரிகளே போதும்.

டாக்குமெண்டேஷன்ல இருக்கற உதாரணம் ஓடலைன்னா நீங்களே திருத்தி, அதைச் சேத்துக்கச் சொல்லி புல் ரிக்வெஸ்ட் அனுப்புங்க, முதல் பங்களிப்புக்கு அதுதான் லேசு. டூலைப் பராமரிக்கிற மெயின்டெய்னர்கள்ல நிறைய பேர் சொந்த ஆராய்ச்சி வேலைக்கு நடுவுல இதைப் பாக்கறவங்க, பதில் வர வாரக்கணக்கா ஆனாலும் கோச்சுக்காம ஒரு தடவை ஞாபகப்படுத்திப் பாருங்க.